சிக்கனம் பேசுறவர் வீட்டு நோட்டு

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தான் தங்கச்சி மகன். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, நல்ல சம்பளம். திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது என் போனில் பேங்கு மெசேஜ் கிடந்ததைப் பார்த்துவிட்டான். பிஎம் கிசான் 2,000 ரூபாய் ஏறிய பழைய மெசேஜ்.

"என்ன மாமா, உங்களுக்கெல்லாம் சும்மா சும்மா காசு வருது. கரண்டும் ஃப்ரீ. நாங்க கட்டுற வரி எல்லாம் இப்படித்தான் போகுது போல."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அடுத்து சொன்னது விளையாட்டு இல்லை. "டெல்லியில இருக்கிறவர் ஒருத்தர்தான் மாமா இதைத் தைரியமா சொல்றாரு. இலவசத்தால நாடு கெட்டுப் போயிடும்னு. அவருதான் கணக்கா செலவு பண்றவரு."

"மாப்ள, நீ பார்க்குற அந்த 2,000 ரூபாயை அனுப்புறதே அவருதான்டா" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

அவன் சொன்னது ஒரு பேச்சைப் பற்றி. 2022 ஜூலை 16-ம் தேதி, உத்தரப்பிரதேசத்தில் பந்தல்கண்ட் விரைவுச் சாலையைத் திறந்து வைத்துப் பிரதமர் மோடி பேசினார். இலவசம் கொடுத்து ஓட்டு வாங்கும் பழக்கத்தை ரேவடிக் கலாசாரம் என்றார். ரேவடி என்பது எள்ளும் வெல்லமும் சேர்த்துச் செய்யும் மிட்டாய், நம்ம ஊர் எள்ளு மிட்டாய் மாதிரி. இது நாட்டின் வளர்ச்சிக்கு ஆபத்து, இளைஞர்கள் உஷாராக இருக்கணும் என்பது அவர் சொன்னதன் சாரம்.

கருத்து தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. வரவுக்கு மேலே செலவு செய்தால் வீடு நிற்காது என்பது விவசாயிக்கு யாரும் சொல்லித் தரவேண்டிய பாடமா? ஆனால் ஒருத்தர் சிக்கனக்காரர் என்றால் அதை அவர் பேச்சை வைத்துத் தெரிந்துகொள்ள முடியாது. எங்க ஊரில் கல்யாணத்துக்குப் பெண் கொடுக்கும்போதுகூட, மாப்பிள்ளை வீட்டுக்காரர் பேசுவதைக் கேட்பதோடு நிற்கமாட்டோம். உரக்கடையில் பாக்கி இருக்கா, சொசைட்டியில் நகை அடமானம் இருக்கா என்று நாலு இடத்தில் விசாரிப்போம். அதே மாதிரி விசாரித்துப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் கேள்வி: நோட்டில் எல்லாம் எழுதியிருக்கா?

எங்க தாத்தா ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். நாத்து நடவு ஆள்கூலி, உரம், வண்டி வாடகை எல்லாம் அதில் இருக்கும். ஆனால் பாட்டி பேரில் வாங்கிய கைமாத்து அதில் இருக்காது. நோட்டைப் பார்த்தால் லாபம். பாட்டி கழுத்தைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

மத்திய அரசு கணக்கிலும் இது நடந்தது. இந்திய உணவுக் கழகம் நெல், கோதுமையைக் கூடுதல் விலைக்கு வாங்கி, ரேஷனுக்குக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறது. நடுவில் விழும் துண்டுதான் உணவு மானியம். அதை அரசு பட்ஜெட்டிலிருந்து கொடுக்கணும். 2016-17-லிருந்து சில வருஷம் முழுசாகக் கொடுக்காமல், மீதிக்கு சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்கிக்கொள் என்று உணவுக் கழகத்திடம் சொல்லிவிட்டார்கள். சிறுசேமிப்பு என்றால் நம்ம ஜனங்கள் போஸ்ட் ஆபீசில் போடுகிற பணம். கடன் உணவுக் கழகத்தின் பேரில் ஏறியது, அரசின் பற்றாக்குறையில் தெரியவில்லை. பாட்டி பேரில் கைமாத்து, அவ்வளவுதான். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே இப்படிப் பட்ஜெட்டுக்கு வெளியே வாங்கும் கடனைச் சுட்டிக்காட்டினார்.

2020-21 பட்ஜெட்டில் உணவு மானியம் 1.15 லட்சம் கோடி என்று போட்டிருந்தார்கள். 2021 பிப்ரவரியில் திருத்திய கணக்கில் அது 4.22 லட்சம் கோடி ஆனது. கொரோனா காலத்து இலவச அரிசி ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்தப் பழைய கைமாத்தை நோட்டில் ஏற்றி அடைத்தது.

இங்கே நியாயமாக ரெண்டு விஷயம் சொல்லணும். ஒண்ணு, ஒளித்து வைத்ததை வெளியே எடுத்துப் போட்டதும் இதே அரசுதான். நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அதைச் செய்தார், அந்தப் பெருமை அவருக்கு உண்டு. ரெண்டாவது, இந்த வித்தையைக் கண்டுபிடித்தவர்கள் இவர்கள் இல்லை. மன்மோகன் சிங் அரசும் பெட்ரோல், டீசல் மானியத்துக்கு ரொக்கம் கொடுக்காமல் எண்ணெய்ப் பத்திரம் எழுதிக் கொடுத்துப் பின்னாடி வருகிறவர் தலையில் கட்டியது. ஆக முதல் கேள்விக்குப் பதில்: கொஞ்ச வருஷம் மறைச்சாங்க, அப்புறம் எழுதினாங்க.

ரெண்டாவது கேள்வி: கடன் எதுக்கு வாங்கினாங்க?

கடன் வாங்கிப் போர் போடுவதும், கடன் வாங்கிக் காதுகுத்து வைப்பதும் ஒண்ணில்லை. போரில் தண்ணி வந்தால் கடனை அது அடைக்கும். காதுகுத்துக்கு வந்தவன் மொய் எழுதினாலும் அதுவும் ஒரு கடன்தான்.

இதில் இந்த அரசுக்கு நல்ல மார்க் போடலாம். 2013-14-ல் மத்திய அரசின் மூலதனச் செலவு 1.88 லட்சம் கோடி. 2023-24-ல் சுமார் 9.5 லட்சம் கோடி. ரோடு, ரயில் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. பற்றாக்குறையும் 2013-14-ல் நாட்டின் மொத்த உற்பத்தியில் 4.5 சதவீதம் இருந்தது, 2018-19-ல் 3.4-க்கு இறங்கியது. கொரோனா வருஷத்தில் 9.2 வரை போனது, அது எந்த ஆட்சி இருந்தாலும் போயிருக்கும். அப்புறம் வருஷா வருஷம் குறைத்து 2024-25-ல் 4.8 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். சொன்ன பாதையில் இறக்கியிருக்கிறார்கள், அதை ஒத்துக்கணும்.

ஆனால் கொரோனாவுக்கு முந்தியே, 2019-20-ல், 3.4 என்பது 4.6 ஆகிவிட்டது. நிதிப் பொறுப்புச் சட்டத்தை 2018-ல் இவர்களே திருத்தி, 2024-25-க்குள் மத்திய அரசின் கடனை மொத்த உற்பத்தியில் 40 சதவீதத்துக்குள் கொண்டுவருவோம் என்று எழுதினார்கள். அந்த வருஷம் வந்தபோது அது 57 சதவீதத்தை ஒட்டி நின்றது. 2025-26 பட்ஜெட்டில் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி, அதில் வட்டிக்கு மட்டும் 12.76 லட்சம் கோடி. நாலு மூட்டை நெல் விற்றால் ஒரு மூட்டைக் காசு வட்டிக்கே போகிற குடும்பம். மோசமான குடும்பம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சிக்கனம் சொல்லிக்கொடுக்கிற இடத்திலும் இல்லை.

மூணாவது கேள்வி: கை எந்த மாசம் திறக்குது?

இதுதான் முக்கியமான கேள்வி. சிக்கனக்காரனா இல்லையா என்று ஒருத்தன் தாராளமாக இருக்கிற நாளைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

என் போனில் இருக்கும் அந்த 2,000 ரூபாயையே எடுத்துக்கொள்ளுங்கள். வருஷம் 6,000 ரூபாய், மூணு தவணை. இதை அறிவித்தது 2019 பிப்ரவரி 1, இடைக்கால பட்ஜெட்டில். முந்தைய டிசம்பரிலிருந்தே அமலுக்கு வந்ததாகக் கணக்கு வைத்து, பிப்ரவரி 24-ம் தேதி கோரக்பூரில் முதல் தவணை ஆரம்பம். மார்ச் 10-ம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு. நடவு நட்டு ரெண்டு வாரத்தில் அறுவடை பண்ணிய மாதிரி வேகம்.

2023 நவம்பர் தொடக்கத்தில், சத்தீஸ்கர் தேர்தல் பிரசார மேடையில் இலவச ரேஷனை இன்னும் 5 வருஷத்துக்கு நீட்டிப்பதாகப் பிரதமர் அறிவித்தார். 81 கோடிப் பேர், 5 வருஷத்துக்கு 11.8 லட்சம் கோடி ரூபாய். அதே வருஷம் மத்தியப்பிரதேசத்தில் அவர் கட்சி அரசு பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்து, தேர்தலுக்கு முன்னாடியே 1,250 ஆக்கியது. 2024-ல் மகாராஷ்டிராவில் அவர் கட்சி இருக்கும் கூட்டணி அரசு மாதம் 1,500. அதுவும் தேர்தலுக்குச் சில மாதம் முன்னாடி. 2025 செப்டம்பர் 26-ம் தேதி பீகாரில் 75 லட்சம் பெண்களுக்குத் தலைக்கு 10,000 ரூபாய். அனுப்பித் தொடங்கி வைத்தவர் பிரதமரேதான். அக்டோபர் 6-ம் தேதி பீகார் தேர்தல் அறிவிப்பு.

இவை எல்லாம் தேவையில்லாத செலவு என்று நான் சொல்லவில்லை. ரேஷன் அரிசி நின்றால் எங்க ஊரில் அடுப்பு எரியாத வீடுகள் எனக்குத் தெரியும். பெண்கள் கையில் போகும் பணம் பிள்ளைகள் வயிற்றுக்குப் போகிறது, டாஸ்மாக்குக்குப் போவதில்லை. நான் கேட்பது வேற. மத்தவர் கொடுத்தால் ரேவடி, நாம் கொடுத்தால் நலத்திட்டம் என்றால், அந்த வார்த்தைக்கு அர்த்தம் செலவு இல்லை, கட்சிக்கொடிதானே?

இன்னொரு விஷயம். ரேவடிப் பேச்சுப் பேசிய அதே 2022-ல்தான் உக்ரைன் போரால் உர விலை உலகம் முழுக்க எகிறியது. எங்களுக்கு டிஏபி மூட்டை 1,350 ரூபாய்க்கே கிடைத்தது. மூட்டைக்கு 2,501 ரூபாய் மத்திய அரசு போட்டது. அந்த வருஷம் உர மானியத்துக்கு 1.05 லட்சம் கோடி என்று பட்ஜெட்டில் போட்டிருந்தார்கள், முடிவில் இரண்டரை லட்சம் கோடி ஆனது. அன்றைக்கு அவர் சிக்கனம் பார்த்திருந்தால் எங்களில் பாதிப் பேர் அடுத்த போகம் நட்டிருக்க முடியாது. பேசியபடி நடக்காததால் பிழைத்தோம். நன்றிதான் சொல்லணும்.

நாலாவது கேள்வி: வராமல் விட்ட காசு செலவு இல்லையா?

இதுக்குத்தான் மருமகனோடு ரொம்ப நேரம் சண்டை.

2019 செப்டம்பர் 20-ம் தேதி, கம்பெனிகளுக்கான வரியை 30 சதவீதத்திலிருந்து 22-க்குக் குறைத்தார்கள். புதிதாகத் தொடங்கும் தொழிற்சாலைகளுக்கு 15. இதனால் வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி வருமானம் குறையும் என்று அரசே சொன்னது. பிஎம் கிசானுக்கு அதே வருஷ பட்ஜெட்டில் ஒதுக்கியது 75,000 கோடி. ஏறக்குறைய ரெண்டு மடங்கு. எங்களுக்கு வந்தது இலவசம், அவர்களுக்குப் போனது ஊக்குவிப்பு. அடுத்த வருஷம் மே மாதம் உலகத்தில் கச்சா எண்ணெய் விலை தரைக்கு வந்தபோது, அந்தக் குறைவு எங்க டிராக்டர் டேங்குக்கு வரவில்லை. டீசலுக்கு ஒரே அடியாக லிட்டருக்கு 13 ரூபாய் வரி ஏற்றி, மத்திய அரசின் கலால் வரி மட்டும் 31 ரூபாய் 83 பைசாவில் நின்றது. நாங்க வரியே கட்டுறதில்லை என்று சொல்கிறவர்கள் இதை ஒரு தடவை யோசிக்கலாம்.

"அது கம்பெனி மாமா, வேலை கொடுக்கிறாங்க" என்றான்.

"சரிடா. 2025 பிப்ரவரி 1-ம் தேதி 12 லட்சம் வரைக்கும் வருமான வரி இல்லைன்னு சொன்னாங்களே, அது?"

"அது என் காசு மாமா. நான் சம்பாதிச்சது. அதை எடுக்காம விட்டாங்க, கொடுக்கலையே."

நல்ல பதில்தான், யோசிக்க வைத்தது. ஆனால் கஜானா பக்கம் நின்று பாருங்கள். அந்தச் சலுகையால் நேரடி வரியில் சுமார் 1 லட்சம் கோடி குறையும் என்று நிதியமைச்சர் பட்ஜெட் உரையிலேயே சொன்னார். பத்தாயத்திலிருந்து ஒரு மூட்டை வெளியே போனாலும், வரவேண்டிய ஒரு மூட்டை வராவிட்டாலும், தை மாசம் திறந்து பார்க்கும்போது ஒரு மூட்டை குறையும். துண்டு விழுவது ஒண்ணுதான், அதை அடைக்கக் கடன் வாங்குவதும் ஒண்ணுதான். 12 லட்சம் வருமானக்காரருக்கு அதில் வருஷம் 80,000 ரூபாய் மிச்சம். எனக்கு வரும் 6,000 ரூபாயை 13 வருஷத்துக்கு மேலே சேர்த்தால்தான் அந்தத் தொகை. அறிவித்த நாலாம் நாள் டெல்லி சட்டமன்றத் தேர்தல் ஓட்டுப்பதிவு.

மருமகன் சிரித்துவிட்டான். "அப்ப நானும் ரேவடி சாப்பிட்டிருக்கேன்னு சொல்றீங்க."

"எல்லாரும்தான்டா சாப்பிட்டிருக்கோம். யாரு வாயில எள்ளு ஒட்டியிருக்குன்னு மத்தவன் பார்க்குறான், அவ்வளவுதான்."

டெல்லியை மட்டும் சொல்லிவிட்டுச் சென்னையை விட்டால் அது நியாயம் இல்லை. 2021 பிப்ரவரி 5-ம் தேதி அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தார். 16.43 லட்சம் விவசாயிகள். அந்த மாசக் கடைசியிலேயே தேர்தல் அறிவிப்பு. அந்த லிஸ்டில் என் பேரும் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் கஷ்டப்பட்டு நகையை அடகு வைத்து ஜனவரியிலேயே கடனைக் கட்டிவிட்ட எங்க தெருக்காரர் ஒருத்தர் வாய்பேசாமல் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. ஒழுங்காகக் கட்டியவனை முட்டாளாக்கும் தள்ளுபடியை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அடுத்து வந்த திமுக அரசில் 2021 ஆகஸ்டில் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை விட்டார். ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் என்று சொல்லி நம்மை எல்லாம் பயமுறுத்தினார். கணக்கைத் திறந்து காட்டியது நல்ல காரியம். ஆனால் 2025-26 பட்ஜெட்டிலும் மாநிலத்தின் வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி. அதாவது அன்றாடச் செலவுக்கே இன்னும் கடன். சிக்கனம் பேசுவது எதிர்க்கட்சியாக இருக்கும்போதும் பதவிக்கு வந்த முதல் வருஷத்திலும்தான். கடைசி வருஷம் வந்தால் எல்லா நோட்டும் மூடிவிடும்.

இதையெல்லாம் வைத்து என் தீர்ப்பு என்ன? மோடி ஊதாரி இல்லை. பற்றாக்குறையைச் சொன்னபடி இறக்கியிருக்கிறார், கட்டுமானத்தில் பணம் போட்டிருக்கிறார். ஆனால் இலவசத்தை எதிர்க்கும் சிக்கனக்காரர் என்ற பட்டம் அவர் கணக்குக்குப் பொருந்தவில்லை. தேர்தல் வந்தால் மத்தவர்கள் மாதிரியே அவர் கையும் திறக்கிறது, இன்னும் கொஞ்சம் அகலமாகவே.

இதை நான் ஏன் இவ்வளவு தூரம் இழுக்கிறேன் என்றால், அந்த ரேவடி என்ற வார்த்தைக்கு ஒரு விலை இருக்கிறது. நாளைக்கு யாராவது நிஜமாகவே சிக்கனம் பண்ணக் கிளம்பினால் முதலில் கத்தி எங்கே விழும்? கம்பெனி வரியில் விழாது, உங்க வருமான வரியிலும் விழாது. எதிர்த்துப் பேசத் தெரியாதவன் தட்டில்தான் விழும். இப்போதே பாருங்கள், எங்க ஊரில் குத்தகைக்கு ஓட்டுகிறவர்களுக்குப் பிஎம் கிசான் கிடையாது, பட்டா அவர்கள் பேரில் இல்லை. சேற்றில் இறங்குகிறவருக்கு இல்லை, வரப்பில் நிற்கிற எனக்கு உண்டு. உண்மையான சிக்கனக்காரர் என்றால் இதைத்தான் முதலில் சரி செய்திருப்பார். சிக்கனம் என்றால் குறைவாகக் கொடுப்பது மட்டும் இல்லையே, சரியான ஆளுக்குக் கொடுப்பதும்தானே. 2019-லிருந்து அதே 6,000 ரூபாய். ஆள்கூலியும் உழவுக்கூலியும் அங்கேயே நிற்கவில்லை.

அதனால் அடுத்த தடவை எந்தக் கட்சிக்காரர் மேடையில் சிக்கனம் பேசினாலும், கொடுப்பேன் என்று சொன்னாலும், இந்த நாலு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் எழுதியிருக்கா, கடன் எதுக்கு, எந்த மாசம், எந்த வரவை விட்டுக்கொடுத்தார். பட்ஜெட் காகிதம் எல்லாம் இன்டர்நெட்டில் கிடைக்கிறது. எனக்கே படிக்க முடிகிறது என்றால் உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

மருமகன் ஊருக்குக் கிளம்பும்போது வீட்டு அரிசி ஒரு சிப்பம் தூக்கி வண்டியில் வைத்தேன்.

"இது இலவசமா மாமா, ஊக்குவிப்பா?" என்றான்.

"நலத்திட்டம்டா. பார்த்துப் போ."